பொறு என்னும் கோப்புறை

ஜெபநேசன் கையேடு வாசிக்கிற மனிதர். அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பலருக்குத் தெரியாது. புதுச் சலவை இயந்திரம் வீட்டுக்கு வந்தால் மற்றவர்கள் பெட்டியை உடைத்து, செருகியைச் செருகி, துணியைப் போட்டுவிடுவார்கள். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தில் இருந்து வாசிப்பார். டேனிஷில் எழுதியிருப்பதையும் சுவீடிஷில் எழுதியிருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, நாலாம் பக்கத்துப் படம் மாறிக் கிடக்கிறது என்று கண்டுபிடித்து, கம்பனிக்குக் கடிதமும் எழுதுவார். ஊத்தைத் துணி அதுவரை கூடைக்குள் கிடக்கும். "இவருக்கு இடியப்ப உரலையும் ஒரு புத்தகத்தோடதான் குடுக்கவேணும்" என்று மனைவி கிருபாஷினி வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அவருடைய பிழைப்பும் அதுதான். எண்பத்தாறில், இருபது வயதில், டென்மார்க்குக்கு வந்தார். பன்னிரண்டு வருடம் ஒரு வெதுப்பகத்தில் தட்டுக் கழுவினார். முப்பத்திரண்டு வயதில், தன்னைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளைகளோடு வகுப்பில் குந்தியிருந்து கணினிப் படிப்பை முடித்தார். வீடு கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், அல்பர்ட்ஸ்லுண்டில். அங்கிருந்து சைக்கிளில் இருபது நிமிடத்தில் வேலை. கடைகளில் இருக்கும் பெரிய குளிர்பெட்டிகளுக்கு மென்பொருள் செய்கிற சின்ன நிறுவனம். கூட வேலை செய்கிற டேனிஷ்காரப் பெடியள் நிரல் எழுத முண்டியடிப்பார்கள். எழுதியதைப் பற்றி நாலு வரி விளக்கம் கேட்டால் ஆளையே பிடிக்க முடியாது. அந்த நாலு வரி ஜெபநேசனின் தலையில் விழுந்தது. அவருக்கு அது பிடித்தும் இருந்தது. கையேட்டில் இருக்கும் ஒரு வரியை முகம் தெரியாத ஒருவன் நம்பி ஒரு பொத்தானை அமத்தப் போகிறான், ஆகவே அந்த வரி சரியாக இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. இந்தக் கொள்கையை அவர் மதியச் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி சொல்வார். பெடியள் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடுவார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பிறந்தது. வன்னியில் சனம் கடற்கரைப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனது. இங்கே இருந்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை, வேலையில் மனம் நிற்கவில்லை. யார் எங்கே இருக்கிறார், யார் இல்லை என்று ஆளுக்காள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மார்ச் மாதம் ஜெபநேசனும், எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிற விமலாதேவி அக்காவும் சேர்ந்து ஒரு பட்டியல் போடத் தொடங்கினார்கள். டென்மார்க்கில் இருக்கும் குடும்பங்களின் உறவினரில் செத்தவர்களுடைய பெயர், வயது, இடம், நாள், கண்ணால் கண்டவர் யார். பின்னொரு காலத்தில் யாராவது கேட்டால் கொடுப்பதற்கு. யார் கேட்கப்போகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. சும்மா இருக்க ஏலாமல் செய்த வேலை அது.

முதலில் ஒரு எக்செல் தாளை மின்னஞ்சலில் அங்குமிங்கும் அனுப்பினார்கள். மூன்று கிழமையில் அது ஐந்து தாளாகிவிட்டது. ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. அந்தக் குழப்பத்தில்தான் கதிர்காமத்தம்பியர் செத்துப்போனார். யாரோ ஒருவர் யாரிடமோ கேட்டதை விமலாதேவி எழுத, அதை ஜெபநேசன் பார்த்துக் குடும்பத்துக்கு அறிவித்துவிட்டார். விபோர்க் ஊரில் இருக்கும் அவருடைய தங்கை வீட்டில் எட்டாம் நாள் படையல் வைத்து, எட்டுச் செலவு செய்து, வந்தவர்களுக்குச் சாப்பாடும் போட்டார்கள். சாப்பிட்ட கை காய்ந்து இரண்டு நாள் ஆகவில்லை. கதிர்காமத்தம்பியர் வவுனியா முகாமில் இருந்து தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, நான் இஞ்சால வந்திட்டன். ஒரு சாரமும் சவுக்காரமும் அனுப்பேலுமோ?"

தங்கை போனைக் காதில் வைத்தபடியே மயங்கி விழுந்தார். ஜெபநேசன் வெட்கத்தில் இரண்டு நாள் யாருடைய அழைப்பையும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அலுவலகத்தில் நிரல்களைப் பாதுகாக்கப் பாவிக்கிற கருவி ஒன்று இருந்தது. உலகத்தில் பல மூலைகளில் இருக்கும் கொஞ்சப் பேர் சம்பளம் இல்லாமல் செய்து, எல்லாருக்கும் சும்மா கொடுப்பது. ஒரு கோப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டால், யார், எப்போது, எந்த எழுத்தை மாற்றினார் என்று எல்லாவற்றையும் அது பதிந்து வைத்துக்கொள்ளும். இரண்டு பேர் இரண்டு ஊரில் இருந்து எழுதினாலும் குழம்பாது. வேண்டுமென்றால் நேற்றைய நிலைக்கும் போன மாத நிலைக்கும் திரும்பிப் போகலாம். இதை அவர் இரண்டு பின்னேரம் தொலைபேசியில் விமலாதேவிக்குச் சொல்லிக் கொடுத்தார். அலுவலகப் பெடியளைவிட அவர் விரைவாகப் பிடித்துக்கொண்டார்.

"மீன் பெட்டிக்குத் திகதியும் பேரும் ஒட்டுற மாதிரித்தானே தம்பி" என்றார். பிறகு கேட்டார்: "பிழையா எழுதினதை அழிச்சா, அது முழுசா அழியுமோ?"

"இல்லையக்கா. எழுதினதும் அழிச்சதும் ரெண்டும் பதிவில கிடக்கும். அதுதான் இதின்ர நன்மை."

"அப்ப உயிரோட இருக்கிற ஒருத்தரைச் செத்ததெண்டு எழுதிப்போட்டு அழிச்சா? ஒருக்காச் செத்தவர் எண்டது உள்ளுக்கை கிடக்குமோ?"

"கிடக்கும்."

"ஐயோ, அது வேண்டாம் ராசா. வாயால சொல்லுறதே கூடாது. எழுதி வேற வைக்கிறதோ?"

ஜெபநேசன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். சகுனம், வாய்க்குற்றம் என்பதில் எல்லாம் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கதிர்காமத்தம்பியருடைய எட்டுச் செலவுக்குப் பிறகு எதிர்த்துப் பேச அவருக்கு வாய் இருக்கவில்லை. இருவரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒரு மரணத்தைக் கண்ணால் கண்ட இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் பெயர் பட்டியலில் ஏறும். "ரெண்டு வாய்" என்று விமலாதேவி அதற்குப் பெயர் வைத்தார். ஒரு வாய் மட்டும் சொன்ன பெயர்கள் தனித்தனிக் கோப்பாக ஒரு கோப்புறைக்குள் இருக்கும். அந்தக் கோப்புறையைத் திரும்பியும் பார்க்கக்கூடாது என்று கருவிக்குச் சொல்லியாயிற்று. அதனால் அங்கே இருக்கும் எதுவும் பதிவில் ஏறாது, வேறொருவர் கண்ணிலும் படாது. ஜெபநேசனின் கணினியில் மட்டும் இருந்த அந்தக் கோப்புறைக்கு அவர் 'பொறு' என்று பெயர் இட்டிருந்தார்.

மே மாதம் பன்னிரண்டாம் திகதி 'பொறு'வுக்குள் அவர் தன் தம்பியை வைத்தார்.

தம்பி இன்பநாதன். முப்பத்தெட்டு வயது. கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். மனைவி நிலானி, இரண்டு பிள்ளைகள். ஏப்ரலுக்குப் பிறகு அவர்களிடம் இருந்து ஒரு செய்தியும் இல்லை. காயக்காரரோடு கப்பலில் ஏற்றப்பட்டு வெளியே வந்த குருசுமுத்து என்ற அயலவர், ஆஸ்பத்திரியில் யாருடையதோ போனை வாங்கி ஜெபநேசனுக்கு எடுத்தார். பதுங்கு குழி வாசலில் இன்பநாதன் கிடந்ததைக் கண்டாராம். மூச்சு இல்லையாம். நிலானியையும் பிள்ளைகளையும் காணவில்லையாம். "நான் பொய் சொல்லேல்ல தம்பி" என்று மூன்று தரம் சொன்னார். ஒரு வாய்தான். ஜெபநேசன் கோப்பைத் திறந்து பெயரை அடித்தார். அந்தப் பெயரை அடித்து முடிக்க அவருக்குக் காலைச் சாப்பாட்டில் இருந்து மத்தியானச் சாப்பாடு வரை பிடித்தது.

ஒரு கிழமையில் போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அலுவலகத்தில் ஒருவன் தோளில் தட்டி, "சண்டை முடிந்ததாமே, நல்ல விஷயம்" என்றான். ஜெபநேசன் அவனுக்கு நன்றி சொன்னார். கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

இருபத்தோராம் திகதி வியாழக்கிழமை, கிறிஸ்து பரமேறிய நாள், டென்மார்க் முழுக்க விடுமுறை. கிருபாஷினி முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கே விடுமுறை கிடையாது. ஜெபநேசன் சபைக்குப் போகாமல் கணினிக்கு முன்னால் இருந்தார். வெளிநாட்டில் சட்டத்தரணிகள் சிலர் பட்டியலின் பிரதி ஒன்று கேட்டிருந்தார்கள். பட்டியலைச் சுற்றி இரண்டு மாதக் குப்பை குவிந்து கிடந்தது, பாதியில் விட்ட தாள்கள், பழைய பிரதிகள். கருவியிலேயே குப்பை கூட்டுகிற கட்டளை ஒன்று உண்டு. வேறொருவர் என்றால் அதைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போயிருப்பார். இவர் கையேட்டைத் திறந்தார்.

கட்டளையோடு சேர்க்கக்கூடிய ஒரு தெரிவைப் பற்றிக் கையேடு தெளிவாகச் சொன்னது. இதைச் சேர்த்தால், பார்க்கவேண்டாம் என்று கருவிக்குச் சொல்லப்பட்ட கோப்புகள் அழியாமல் காக்கப்படும். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். 'பொறு' பத்திரமாக இருக்கவேண்டும் அல்லவா? தெரிவைச் சேர்த்துக் கட்டளையைக் கொடுத்தார்.

திரையில் வரிகள் ஓடின. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர். அழிக்கிறேன், அழிக்கிறேன் என்று கருவி நேர்மையாகச் சொல்லிக்கொண்டே போனது. அறுபத்தொரு கோப்பு. கையை நீட்டி நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது. 'பொறு' என்ற கோப்புறைகூட இல்லை.

கருவி இரண்டு பதிப்புக்கு முன்னர் மாறியிருந்தது. அந்தத் தெரிவின் இப்போதைய வேலை, பார்க்கவேண்டாம் என்று சொன்னவற்றையும் சேர்த்து அழிப்பது. கையேட்டை மாற்ற ஒருவரும் நினைக்கவில்லை. கையேடே வாசிக்காத ஒருவன் வெறும் கட்டளையைக் கொடுத்திருந்தால் அறுபத்தொரு பெயரும் இருந்த இடத்தில் இருந்திருக்கும். வாசித்ததுதான் பிழை. இருபத்து மூன்று வருடத்தில் டென்மார்க்கில் அவருக்குக் கிடைத்த அவமானங்களில் இது புதுமாதிரியானது.

அழிந்ததை மீட்கிற ஒரு செயலியை ஓடவிட்டார். அது கழிவுகளைத்தான் அள்ளிக்கொண்டு வந்தது. ஒரு பெயர்கூடத் தேறவில்லை. அடுத்த அறையில் இருந்து மகள் நவோமி எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு வயது. தமிழில் கேட்டாலும் டேனிஷில்தான் பதில் சொல்வாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்கள் பிரதி எடுத்து வைக்கவில்லையா?" என்று டேனிஷில் கேட்டாள். தினமும் பிரதி எடுத்து வையுங்கள் என்று நூறு கையேட்டிலாவது எழுதியிருக்கிற மனிதர் அவர்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. பதறி ஓய்ந்து நாற்காலியில் சாய்ந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இலேசானது. தம்பியின் பெயரும் போய்விட்டது. செத்தவன் என்று உலகத்தில் எங்கேயும் எழுதப்படாத ஒருவன் இப்போது இன்பநாதன். எங்கேயாவது ஒரு முகாமில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் திருத்திக்கொண்டிருப்பான். அரை மணி நேரம் ஜெபநேசன் சந்தோசமாக இருந்தார். அந்தச் சந்தோசம் அடங்கியபோது தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. மற்ற அறுபதும் மற்றவர்களுடைய தம்பிமார் அல்லவா?

விமலாதேவிக்கு எடுத்துச் சொன்னார்.

"கத்தினாப்போல வருமோ?" என்றார் அக்கா. "திருப்பிக் கேட்டு எழுதுவம் தம்பி. நான் இஞ்சால முப்பது பேரிட்டைக் கேக்கிறன். நீங்கள் மிச்சம்."

அடுத்த பத்து நாளும் ஜெபநேசன் வேலை முடிந்து வந்து, சைக்கிளைப் பூட்டிவிட்டு, சப்பாத்தைக் கழற்றாமல் தொலைபேசி எடுத்தார். உங்கள் மருமகனின் முழுப்பெயர் என்ன? வயது? எந்த இடத்தில்? கண்டவர் யார்? ஒருதரம் அழுதழுது சொன்னவர்களிடம் அதையே மறுபடி கேட்பது எப்படியென்று எந்தக் கையேட்டிலும் இல்லை. சிலர் சினந்தார்கள். சிலர் முதலில் சொன்ன திகதியை மாற்றிச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் சிரித்தார். அவருடைய மைத்துனர் முந்தின நாள்தான் முகாமில் இருந்து எடுத்தாராம், இனி எழுதவே தேவையில்லையாம். அந்த ஒரு கோப்பைக் கருவி சரியாகத்தான் அழித்திருந்தது.

அதே விபோர்க்கில் இருக்கும் ராசமலர் என்பவர் போனை எடுத்து, விஷயத்தைக் கேட்டு, வைத்துவிட்டார். 'பொறு'வில் இருந்தவன் அவருடைய அக்காவின் மகன் ஜெனுசன், பத்தொன்பது வயது. கால் மணி கழித்து அவரே எடுத்தார்.

"அண்ணை, அண்டைக்கு அந்தப் பேரைச் சொல்ல நான் ரெண்டு நாள் எடுத்தனான். இப்ப உங்கட மிசின் தின்னிட்டுது, திருப்பிச் சொல்லு எண்டுறியள்."

"பிழை என்னிலதான் பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எழுதுங்கோ." அவர் சொன்னார். பெயர், வயது, பச்சைக் கோடு போட்ட சேட்டு, இடது கையில் மணிக்கூடு. ஜெபநேசன் அடித்து முடிக்கும் வரை பொறுமையாக இருந்தார். பிறகு, "உங்கட தம்பியும் அங்கதானே. அவரின்ர பேரும் போனதோ? திருப்பி எழுதிப்போட்டியளோ?" என்றார்.

"ஓம், எழுதிப்போட்டன்" என்றார் ஜெபநேசன்.

எழுதியிருக்கவில்லை. எல்லாருடையதையும் கேட்டு எழுதினார், தம்பியின் கோப்பை மட்டும் திருப்பி உண்டாக்கவில்லை. நாளைக்கு எழுதலாம், சனிக்கிழமை எழுதலாம் என்று தள்ளிக்கொண்டு போனார். எழுதாத வரையில் குழாய் திருத்துகிறவன் குழாய் திருத்திக்கொண்டிருப்பான்.

எழுதவேண்டியதை எழுதாதவர்கள் வேறொன்றை எழுதுவார்கள். சனிக்கிழமை காலை அவர் கையேட்டின் அந்த வரியைத் திருத்தி எழுதினார். இந்தத் தெரிவைச் சேர்த்தால், பார்க்கவேண்டாம் என்று சொல்லப்பட்ட கோப்புகளும் அழியும், மீட்க முடியாது. ஒரே ஒரு வரி. கருவியைச் செய்கிறவர்களுக்கு அதை அனுப்பினார். தன்னுடைய எத்தனை கோப்பு அழிந்தது, அவற்றில் என்ன இருந்தது என்று அவர் எழுதவில்லை. எழுதினால் அவர்கள் அனுதாபம் சொல்வார்கள். அதற்கும் நன்றி சொல்லிப் பதில் எழுதவேண்டும்.

பின்லாந்தில் இருந்து ஹெய்க்கி என்பவர் மரியாதையாகப் பதில் போட்டார். திருத்தம் சரிபோலத் தெரிகிறது, மிக்க நன்றி. ஆனால் எங்கள் வழக்கப்படி, வேறொருவரும் தம் கணினியில் ஓட்டிப் பார்த்து உறுதி சொன்ன பிறகே கையேட்டை மாற்றுவோம். ஓர் எடுத்துக்காட்டும் சேர்த்தால் நல்லது.

ஜெபநேசன் சிரித்துவிட்டார். பின்லாந்திலும் ரெண்டு வாய்.

எடுத்துக்காட்டு எழுதினார். ஒரு கோப்புறை, அதற்குள் ஒரு கோப்பு, கட்டளையைக் கொடுத்தால் அந்தக் கோப்பு எப்படி அழிகிறது என்று நாலு வரி. கோப்புக்கு ஒரு பெயர் வேண்டும். விரல்கள் இங்கிலிஷ் எழுத்தில் இன்பநாதன் என்று அடித்தன. அவர் அதை மாற்றவில்லை. செத்தவர் பட்டியலில் இல்லாமல், கையேட்டில் ஒரு பெயராக, உலகத்தில் உள்ள கணினிகளில் எல்லாம் தம்பி இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார். அனுப்பி நாற்பது நிமிடத்தில் பிரேசிலில் இருந்து ஒருவர் ஓட்டிப் பார்த்து, ஆம், எனக்கும் அப்படியே அழிகிறது, உறுதி செய்கிறேன் என்று எழுதினார். ஒரு வரிக்கு இரண்டாவது வாய் நாற்பது நிமிடத்தில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹெய்க்கி மறுபடி எழுதினார். எல்லாம் நன்று, ஒரு சின்ன விஷயம். அந்தக் கோப்பின் பெயர் வாசிப்பவர்களுக்கு விளங்காது. 'குறிப்புகள்' என்பதுபோலப் பொதுவாக ஏதாவது வைக்க முடியுமா?

அவர் கேட்டது நியாயம். ஜெபநேசனே அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார், பெடியளுக்குப் பலமுறை சொல்லியும் இருக்கிறார். தம்பியின் பெயரை அழித்து, குறிப்புகள் என்று போட்டு, அனுப்பினார். பிறகு குளியலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அந்த வருடம் பிறந்ததில் இருந்து அவர் அழுதது அன்றைக்குத்தான்.

மறுநாள் திங்கட்கிழமை, ஜூன் முதலாம் திகதி. அதுவும் விடுமுறைதான். மத்தியானம் கிருபாஷினி சமையலறை மேசையில் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, எத்தினை பேர் திருப்பி எழுதியாச்சு?"

"அம்பத்தொம்பது."

"ஒராள் உயிரோட வந்திட்டார். அப்ப அறுபது." அவள் கத்தியை நிறுத்தினாள். "இன்னும் எழுதேல்லையோ?"

அவர் அரிந்த லீக்ஸைச் சட்டிக்குள் அள்ளிப் போட்டார். அவள் மறுபடி அரியத் தொடங்கினாள். அப்போது தொலைபேசி அடித்தது. நீளமான, பழக்கமில்லாத இலக்கம்.

"அத்தான், நான் நிலானி."

ஜெபநேசன் எழுந்து நின்றுவிட்டார். "பிள்ளை! எங்க நிக்கிறாய்? பிள்ளையள்?"

"ரெண்டும் என்னோடதான். முகாமில நிக்கிறம். இது வேற ஒராளின்ர போன் அத்தான், கெதியாக் கதைக்கவேணும்." மூச்சு வாங்கினாள். "இவர் உங்களுக்கு எடுத்தவரோ?"

இன்னும் எடுக்கேல்ல, பொறு பிள்ளை, எடுப்பான். இந்த வார்த்தைகள் அவருடைய நாக்கு நுனியில் ஆயத்தமாக நின்றன. அதைச் சொல்ல வழக்கமும் இடம் கொடுத்தது. ஒரு வாய்தானே சொல்லியிருக்கிறது? ஆனால் சொன்னால் அவள் நம்புவாள். இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் முகாமின் வேலிக் கம்பியடியில் போய் நின்று, வருகிற பஸ்ஸை எல்லாம் பார்ப்பாள். பத்து நாளாக அவர் மல்லுக்கட்டிக்கொண்டு இருந்ததே ஒருவன் நம்பிய ஒரு பொய் வரியோடுதான்.

"நிலானி, நான் சொல்லுறதைக் கேள். தம்பி எடுக்கேல்ல. குருசுமுத்து அண்ணை எடுத்தவர். பங்கர் வாசலில தம்பியைக் கண்டவராம். உயிர் இல்லையாம். அவர் ஒராள்தான் சொன்னவர். வேற ஒருத்தரும் சொல்லேல்ல."

மறுபக்கத்தில் நிறையச் சனம் பேசுகிற சத்தமும் வாளிகள் முட்டுகிற சத்தமும் கேட்டன.

"பிள்ளை?"

"எனக்குத் தெரியும் அத்தான்" என்றாள் நிலானி. "நான்தானே மண் போட்டனான். பங்கருக்குப் பக்கத்தில. கையாலதான் தோண்டினது."

"பிறகேன் பிள்ளை கேட்டனீ?"

"தெரியேல்ல. அங்க கண்டதொண்டையும் இப்ப நம்பேலாமக் கிடக்கு. நீங்கள் ஓம், எடுத்தவன் எண்டு சொல்லியிருந்தா, நான் கண்டது பிழையெண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருப்பன்." பக்கத்தில் யாரோ போனைக் கேட்டார்கள். "வைக்கப்போறன் அத்தான். பிள்ளையளுக்குச் செருப்பு இல்லை. வேற ஒண்டும் வேண்டாம்."

கிருபாஷினி கத்தியை வைத்துவிட்டு வந்து அவருடைய முதுகில் கையை வைத்தாள். அரைப் பேச்சைக் கேட்டே அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. நவோமி அறை வாசலில் வந்து நின்றாள். என்ன என்று கேட்கவில்லை, டேனிஷிலும் கேட்கவில்லை.

ஜெபநேசன் கணினிக்கு முன்னால் இருந்தார். புதிதாகப் போட்ட 'பொறு'வைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. பட்டியலையே திறந்தார். இன்பநாதன், வயது முப்பத்தெட்டு, பம்பு திருத்துபவர். இடம், நாள். கண்டவர்கள்: குருசுமுத்து, நிலானி. இந்தத் தரம் அடித்து முடிக்க நேரம் பிடிக்கவில்லை. என்ன மாற்றினாய் என்று ஒரு வரியில் எழுதச் சொல்லிக் கருவி கேட்டது. எப்போதும் கேட்கும். மற்ற எல்லாருக்கும் அவர் 'ஒரு பெயர் சேர்த்தது' என்றே எழுதிவந்தார். இன்றைக்கு 'என் தம்பியைச் சேர்த்தேன்' என்று எழுதி ஒப்படைத்தார்.

பிறகு விபோர்க்குக்குத் தொலைபேசி எடுத்தார். எழுதிப்போட்டன் என்று அன்றைக்குச் சொன்னது பொய் என்று ராசமலரிடம் சொல்லவேண்டியிருந்தது.